மருந்துண்டும் மாறா மனக்கலக்கம்

அச்சம் என்பது மெய்ப்பாடு எட்டனுள் ஒன்று. தொல்காப்பியனார் அது தோன்றும் நிலைக்களன்களை நான்கென வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பன அவை. இந்நான்கனையும் உற்று நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே நிற்பன, அவை வருங்கால் அச்சமும் வரும், நீங்குங்கால் நீங்கும். புலி காட்டினுள் மறைந்தபின் நெஞ்சின் துடிப்பும் அடங்கிவிடுகின்றது.

ஆயின், புலியின்றியே துடிக்கும் நெஞ்சமும் உலகில் உண்டு. இன்னது பற்றியென்று சுட்ட இயலாமலோ, சிறியதொரு காரணத்தைப் பற்றிக்கொண்டு பெரிதாய் வளர்ந்தோ, நாடோறும் உடனுறைந்து வருத்தும் அந்நிலையையே மனக்கலக்கம் என யாம் ஈண்டுக் குறிக்கின்றோம். தேர்வுக்கு முன்னாள் தோன்றித் தேர்வு முடிந்ததும் மறைவது நோயன்று, அஃது இயல்பு. ஆறு திங்களாயினும் பெரும்பாலான நாட்களில் கவலை அடங்காதிருந்து, அதனோடு உறக்கக்கேடு, எளிதிற் களைத்தல், தசையிறுக்கம், எரிச்சல், கருத்து ஒருமுகப்படாமை முதலியனவும் கூடி, படிப்பையும் பிறரோடு பழகுதலையும் கெடுக்குமாயின், அதனை நோயென்றே மருத்துவர் கொள்வர். திடீரென மார்பு படபடத்து, மூச்சு முட்டி, இறந்தேவிடுவோம் என்னும் பேரச்சம் சில நிமிடங்களுள் உச்சத்தை எட்டும் வகையும் ஒன்றுண்டு. அதனைப் பீதித்தாக்கு என்பாம்.

இந்நோய்க்கு இன்று நல்ல மருந்துகள் உள. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நாடோறும் உண்டு வகுப்புக்கு வரும் மாணவரும் உளர். அதனை வெளியிற் சொல்வார் சிலரே. அவருட் பலரை வருத்தும் வினா ஒன்றுண்டு: மருந்து உண்டும் கலக்கம் முற்றும் நீங்கவில்லையே, இனி என் செய்வது என்பது அது. விடை காணாமையால் ஒருவர் மருந்தைத் தாமே நிறுத்திவிடுகின்றார். ஒருவர் தாமே அளவை மிகுத்துக்கொள்கின்றார். மற்றொருவர் தமக்கு மீட்சியே இல்லையென்று முடிவுகட்டி வாய்மூடி இருக்கின்றார். மூன்றும் தீங்கு பயப்பன. ஆதலின் அவ்வினாவை ஆராய்தலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

மருத்துவத்தின் நான்கு கூறு

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கன் தொகுதி எனக் கூறினார். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்னும் நான்கும் கூடியவழியே மருத்துவம் நிரம்பும் என்பது கருத்து. பரிமேலழகர் இவை ஒவ்வொன்றனையும் மேலும் நந்நான்காக விரித்தார். நோயுற்றவனுக்கு உரியனவாக அவர் கூறியவற்றுள் இரண்டு ஈண்டு நினைக்கத்தக்கன. தன் நோயின் நிலையை மருத்துவனுக்கு எடுத்துச் சொல்லும் திறம் ஒன்று. மருந்தினால் வரும் துன்பத்தைத் தாங்குதல் மற்றொன்று.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பொருள் வெளிப்படை. நாம் விழுங்கும் மாத்திரை நான்கனுள் ஒரு கூறு மட்டுமே. அக்கூறு தன் தொழிலைச் செவ்வனே செய்த பின்னும், ஏனை மூன்றன் தொழில் எஞ்சி நிற்றல் கூடும். கலக்கம் சிறிது எஞ்சியது கண்டு, மருந்து தோற்றதென்றோ, உண்டவர் கோழையென்றோ முடிவு கட்டுதல் பொருந்தாது. எஞ்சிய தொழில் யாது, அது யாருடையது என்று தேடுதலே பொருந்தும்.

ஒரு மருத்துவமனையில் நிகழ்ந்தது

இவ்வுண்மை மருத்துவ வரலாற்றிலும் ஓரிடத்தில் நன்கு விளங்கியது. இமிப்பிரமீன் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிக்கும் என்பதனைச் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ரோலண்டு கூன் 1957இல் வெளியிட்டார். அதன்பின் சில ஆண்டுகளுள், நியூயார்க் நகரத்து ஹில்சைடு மருத்துவமனையில் டொனால்டு கிளைன் என்னும் மருத்துவர், கடுங்கலக்கமுடைய நோயாளிகட்கு அதனைக் கொடுத்துப் பார்த்தார். அவருள் ஒருவர், தாம் இறந்துகொண்டிருப்பதாக முறையிட்டுச் செவிலியர் இருக்குமிடத்துக்கு நாளொன்றிற் பன்முறை ஓடும் வழக்கமுடையவர். மருந்து தொடங்கிச் சில வாரங்கள் சென்றன. நோயாளியை வினவியபோது தமக்கு நலமொன்றும் இல்லையென்றார். மருத்துவர்க்கும் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. செவிலியரோ ஒரு மாற்றத்தைக் கண்டு கூறினர்: அவர் ஓடிவருவது நின்றுவிட்டது!

இத்தகையோரை ஆராய்ந்தபோது, பீதித்தாக்கு நின்றிருந்தமை தெரிந்தது. ஆயின் அது மீண்டும் வந்துவிடுமோ என்னும் முன்னச்சம் நிற்கவில்லை. தனியே வெளியிற் செல்லவும் கூட்டத்தில் நுழையவும் அவர்கள் முன்போலவே தயங்கினர். பிறர் ஊக்க, அஞ்சிய இடங்கட்குச் சென்று, தாக்கு வாராமையைத் தாமே கண்டு பழகிய பின்னரே அவ்வச்சம் மெல்ல மெல்லத் தேயலாயிற்று. கிளைன், மாக்ஸ் ஃபிங்க் என்பாரோடு சேர்ந்து இம்மருந்து பற்றிய ஆய்வை 1962இல் வெளியிட்டார். 1980இல் அமெரிக்க மனமருத்துவச் சங்கத்தார் வெளியிட்ட நோய்வகைத் தொகுப்பின் மூன்றாம் பதிப்பு, பீதிநோயையும் பொதுக் கலக்கநோயையும் வேறு வேறாகப் பிரித்து வைத்தது.

இவ்வரலாறு நமக்கு மூன்று செய்திகளை உணர்த்துகின்றது. மருந்து தனக்குரிய பகுதியைத் தீர்த்தது. மருந்து தொடாத பகுதி பழக்கத்தாற் தீர்ந்தது. நலத்தை முதற்கண் கண்டவரோ, வள்ளுவர் நான்காங் கூறாக வைத்தாரே, அவ்வுடனிருந்து பேணுவோர். இனி ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே நோக்குவாம்.

மருந்தின் பகுதி

இக்காலத்து மருத்துவர் பெரும்பாலும் முதலிற் கொடுப்பன செர்ட்ரலின், எசிட்டலோபிராம் முதலிய மருந்துகள். மூளையின் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் பொருள்களுட் செரடோனின் என்பது ஒன்று. ஓர் அணு அதனை வெளிவிட்டுப் பின் தானே மீள உறிஞ்சிக்கொள்ளும். அம்மீளுறிஞ்சலை இம்மருந்துகள் தடுக்கின்றன. தடுத்தல் விரைவிலே தொடங்குமாயினும், உண்பவர் நலத்தை உணர இரண்டு முதல் ஆறு வாரங்கள் செல்லும்; சிலர்க்கு முழுப்பயன் தெரியப் பன்னிரண்டு வாரமும் ஆகும். நெல் விதைத்த மூன்றாம் நாளிற் கதிர் தேடுவார் இலர். மாத்திரை உண்ட மூன்றாம் நாளில் மட்டும் அமைதியைத் தேடி, அதனைக் காணாது வெறுத்தல் என்னை?

தொடக்க நாட்களிற் குமட்டல், தலைநோவு, வயிறு இளகுதல், உறக்கம் கெடுதல் ஆகியன தோன்றலாம். சிலர்க்குக் கலக்கமே முன்னினும் சற்று மிகலாம். இவை பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணிவன. முன்னரே அறிந்தவர் பொறுப்பர். அறியாதவர் மருந்தை எறிவர். ஆயின் பொறுத்திருத்தலாகாத ஒன்றும் உண்டு. இளையோருட் சிலர்க்கு, மருந்து தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும், தம்முயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழக்கூடும். அமெரிக்க உணவு மருந்து ஆணையத்தார் இது குறித்த எச்சரிக்கையைச் சிறுவர் பொருட்டு 2004இலும், 24 வயது வரையுள்ள இளைஞர் பொருட்டு 2007இலும் விதித்தனர். நம்மிற் பெரும்பாலோர் அவ்வயதினர். அத்தகைய எண்ணம் எழுமாயின், அன்றே மருத்துவர்க்கும் உடனிருப்பார்க்கும் உரைத்தல் கடன்.

விரைந்து அமைதி தரும் வேறோர் இனமும் உண்டு. டையசிபாம், அல்பிரசோலம் முதலியன அவ்வினத்தன. டையசிபாம் 1963இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளுள் உலகெங்கும் பரவியது. நாளடைவில், பழகப் பழக ஒரே அளவு போதாமற்போதலும், விடமுயன்றால் உடல் தாங்காமையும் வெளிப்பட்டன. ஆதலின் இன்று அவற்றைச் சில வார அளவிற்கே கொடுக்க விரும்புவர். மதுவோடு சேரின் அவை மூச்சையே தளர்த்தி உயிர்க்கு இறுதி விளைக்கக்கூடும். பிரொப்ரனலால் என்பது கைநடுக்கத்தையும் நெஞ்சுத்துடிப்பையும் தணிக்கும். கவலையின் வேரைத் தொடாது. ஈளைநோய் உடையார்க்கு ஆகாது. இவ்வேறுபாடுகளை அறியாது, ஒருவர்க்கு எழுதிய மாத்திரையை அறைத்தோழர் மற்றொருவர் தேர்வு நாளில் வாங்கி உண்ணுதல் பெருங்கேடாம்.

எவ்வின மருந்தாயினும் திடீரென நிறுத்தலாகாது. முதலிற் கூறிய இனத்தை அவ்வாறு நிறுத்தின், தலைச்சுற்றும், உறக்கமின்மையும், தலையுள் மின்னல் பாய்ந்தாற்போன்ற உணர்ச்சியும் தோன்றும். அவற்றைப் பழைய நோயே மீண்டதென மயங்குவாரும் உளர். இரண்டாவது இனத்தை நெடுநாள் உண்டு திடீரென விடுத்தார்க்கு வலிப்பும் வரக்கூடும். நலம்பெற்ற பின்னும் ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை மருந்தைத் தொடர்ந்து, பின் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தலே முறை.

நோயுற்றார் பகுதி

ஆஸ்திரேலிய நாட்டுப் பெண் மருத்துவர் கிளேர் வீக்ஸ், 1962இல் வெளியிட்ட நூலால் இத்துறையிற் புகழ்பெற்றவர். அவர் அச்சத்தை இரண்டாகப் பகுத்துக் காட்டினார். உடல் தானே எழுப்பும் படபடப்பு முதலச்சம். அப்படபடப்பைக் கண்டு, ஐயோ, வந்துவிட்டதே, இனி என்னாகுமோ என்று நாமே கூட்டிக்கொள்வது இரண்டாம் அச்சம். முதலது அலைபோல் எழுந்து தானே விழும். இரண்டாவது அதன்மேல் விறகு அடுக்கும். மருந்து பெரும்பாலும் முதலதன் கொதிப்பைக் குறைக்கின்றது. இரண்டாவதைக் குறைத்தல் நம் கையில் உள்ளது. படபடப்பை விரட்டப் போராடாமல், வந்தது வந்திருக்கட்டும் என்று அதற்கு இடங்கொடுத்துச் செய்துகொண்டிருந்த தொழிலை மெல்லத் தொடர்தலே வழி. சொல்வது எளிது; பழகுதல் அரிது; ஆயினும் பழகப் பழக வரும்.

இனி, கலக்கத்தை வளர்க்கும் உரம் விலகுதலே. வகுப்பிற் கட்டுரை வாசிக்க அஞ்சும் மாணவர் ஒருவர் அன்று விடுப்பெடுத்துக்கொள்கின்றார் என வைத்துக்கொள்வோம். அக்கணமே நெஞ்சு குளிர்கின்றது. அக்குளிர்ச்சியே, வாசித்தல் பேரிடர், தப்பினோம் என்று மனத்துக்குக் கற்பித்துவிடுகின்றது. அடுத்த முறை அச்சம் இருமடங்காகின்றது. இதனை மாற்றப் படிப்படியாக ஏறுதல் வேண்டும். முதலிற் கதவடைத்துத் தனியே உரக்க வாசித்தல், பின் ஒரு நண்பர் முன்னர், பின் மூவர் முன்னர், பின் ஆளில்லா விரிவுரைக் கூடத்தில், இறுதியில் வகுப்பில். ஒவ்வொரு படியிலும் அச்சம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவிடாது, அது தணியும் மட்டும் நிற்றல் வேண்டும். ஒரு படியைப் பன்முறை ஏறியபின் மறுபடிக்குச் செல்லலாம்.

ஈண்டு நுட்பமானதொன்று உண்டு. விரைந்தடக்கும் மாத்திரையைச் சட்டைப்பையில் தாயத்துப்போல் வைத்துக்கொண்டு திரிவோர் சிலர். உண்ணாவிடினும், அஃது அங்கிருத்தலே அவர்க்குத் துணிவு. இதனால் வரும் இழப்பு யாதெனின், நிகழ்ந்த வெற்றியெல்லாம் தாயத்தின் கணக்கிற் சேர்ந்துவிடும். நாமே நின்றோம் என்பதனை மனம் கல்லாது. இத்தாயத்தை எப்பொழுது, எவ்வாறு விடுவது என்பதனை மருத்துவரோடு கலந்தே முடிவு செய்க.

மூச்சுப் பற்றியும் ஒரு சொல். கலங்கியபோது மூச்சு விரைகின்றது. விரைந்த மூச்சால் குருதியிலுள்ள கரியமிலவாயு அளவிற் குறைய, மூளையின் குருதிக்குழாய்கள் சுருங்கித் தலை சுழல்கின்றது, விரல்கள் விறுவிறுக்கின்றன. அச்சுழற்சி கண்டு அச்சம் மேலும் பெருகுகின்றது. நான்கு எண்ணும் வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுதலைச் சில நிமிடம் செய்யின் இச்சுழல் அறும். அன்றியும், காப்பியைக் குறைத்தல், ஒரே நேரத்தில் உறங்கி எழுதல், நாடோறும் அரைமணி விரைந்து நடத்தல் ஆகியன எளியனவெனினும் இகழத்தக்கன அல்ல. இரவெல்லாம் விழித்துக் காப்பியால் உயிர்தாங்கிப் படிக்கும் தேர்வுக்காலத்தில், எந்த மாத்திரையும் தன் முழுத்தொழிலைச் செய்தல் அரிது.

மருத்துவர் பகுதி

மருத்துவர்க்கு நோயாளி உரைப்பதன்றி வேறு கண்ணாடி பெரும்பாலும் இல்லை. உடலில் ஒரு கட்டியாயின் தொட்டறிவார். கலக்கத்தை எவ்வாறு தொடுவார்? ஆதலின், எப்படி இருக்கின்றது என்று வினவப்படும்போது, பரவாயில்லை என்னும் ஒரு சொல்லோடு எழுந்து வருதல் அவர் கையைக் கட்டுதலாகும். சிறியதொரு குறிப்புப் புத்தகத்தில், மாத்திரை உண்ட நாள், தவறிய நாள், உறங்கிய நேரம், கலக்கம் மிகுந்த பொழுது, அப்போது செய்துகொண்டிருந்தது, செய்யாது விலகியது என்பவற்றை எழுதிச்சென்று காட்டுக.

எஞ்சிய கலக்கத்தை அவர் முன் வைத்தபோது, அவர் ஆராயத்தக்கன பல. கொடுத்த காலம் போதுமா? அளவு போதுமா? இம்மருந்து பொருந்தாதாயின் வேறொன்று வேண்டுமா? கலக்கத்தைப் போலிசெய்யும் வேறு நோய் உண்டா? தைராய்டு சுரப்பி மிகையாய்ச் சுரப்பினும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஈளைநோய்க்கு இழுக்கும் சால்பியூட்டமால் மருந்தும் அவ்வாறே செய்யும். இவற்றுள் ஒன்றிருப்பின், மனத்துக்குரிய மாத்திரையை மிகுத்துப் பயனில்லை. மேலும், நினைவையும் செயலையும் திருத்தும் பேச்சு மருத்துவத்தை மாத்திரையோடு சேர்க்க வேண்டுமாவென்றும் அவர் முடிவு செய்வார். மேலே கூறிய படிப்படியான பயிற்சி அதன் ஒரு பகுதியே. பயின்றவர் ஒருவர் வழிகாட்டச் செய்வது தனியே செய்வதினும் நன்று.

உடனிருப்பார் பகுதி

பேணுவோர்க்குப் பரிமேலழகர் கூறிய இயல்புகளுள் நோயாளியிடத்து அன்பும், அறிவும் அடங்கும். இரண்டும் சேர்ந்தே இருத்தல் வேண்டும். அன்பின்றி அறிவு மட்டும் உடையார், இதற்கெல்லாமா மாத்திரை என்று எள்ளுவர். அறிவின்றி அன்பு மட்டும் உடையார், அஞ்சிய இடத்துக்கெல்லாம் தாமே துணைசென்று, ஒன்றும் ஆகாது என்று நாளுக்கு நூறுமுறை உறுதிமொழிந்து, அறியாமலே விலகுதலை வளர்ப்பர். நல்ல துணையாவார், அஞ்சிய படியில் நண்பர் ஏறும்போது அருகில் நிற்பர். அவர்க்குப் பதிலாகத் தாம் ஏறார். ஹில்சைடு செவிலியரைப்போல், நோயாளி காணாத நலத்தைக் கண்டு சொல்லுவர்: சென்ற திங்கள் நீ உணவுக்கூடத்துக்கே வந்திலை, இத்திங்கள் நான்கு நாள் வந்தாய் என்னும் ஒரு சொல் பெருமருந்தாம்.

நம் கிறிஸ்தவ இல்லங்களில் வேறொரு சொல்லும் எழுவதுண்டு. கவலைப்படுதல் விசுவாசக் குறைவு, மாத்திரை உண்ணுதல் அதனினும் குறைவு என்பது அது. மலைப்பிரசங்கத்தில் நாளையைக் குறித்துச் சொல்லப்பட்டதை, கலங்கினவரை அடிக்கும் கோலாகச் சிலர் எடுக்கின்றனர். அவர்கள், வயிற்றின் பலவீனத்துக்காகச் சிறிது திராட்சரசம் கொள்ளும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும், லூக்காவை அன்பான வைத்தியன் என்று குறித்ததையும் மறந்தனர் போலும். ஜெபிக்கிற வாயே மாத்திரையையும் விழுங்கலாம். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது.

நண்பர் ஒருவர் வாழ்வே வேண்டாம் என்பதுபோற் பேசுவாராயின், அதனை மறைபொருளாகக் காத்தல் நட்பன்று. அவரைத் தனியே விடாது, விடுதிக் காப்பாளருக்கோ பெற்றோருக்கோ மருத்துவர்க்கோ உடனே அறிவித்தல் வேண்டும். இந்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பெறலாம், தமிழிலும் பேசலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மருந்துண்டும் எஞ்சும் கலக்கத்துக்குப் பல காரணங்கள் உளவென்பதும், அவற்றுட் பல தீர்க்கத்தக்கன என்பதும் விளங்கும். முற்றும் கலங்கா நெஞ்சம் யார்க்கும் வாய்த்ததன்று. அதனை எய்தினாலன்றி நலமில்லை என்று எண்ணுவோர் என்றும் நலமுறார். சிலர்க்குக் கலக்கத்தின் ஒரு சிறு பகுதி நெடுநாள் உடன்வரலாம். அது வரினும், வகுப்புக்குச் செல்லலாம், கட்டுரை வாசிக்கலாம், நண்பரோடு உண்ணலாம், பட்டமும் பெறலாம்.

ஆதலின், மாணவ நண்பர்காள், எழுதிய மருந்தை எழுதியபடி உண்க. எஞ்சியதை மறையாது மருத்துவர்க்கு உரைக்க. அஞ்சிய படியில் இவ்வாரம் ஒன்றேனும் ஏறுக. கலக்கம் எத்துணை எஞ்சியது என்று நாழிகைதோறும் அளந்துகொண்டிருத்தலை விட்டு, அதனோடேயே எத்துணை செய்தோம் என்பதனை வாரம் ஒருமுறை எழுதிவைப்போமாக.